சின்னவனின் எண்

எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே என் எண்ணைப் பார்த்துவிடுவது எனக்குப் பழக்கம். என் வயதில் பலர் சர்க்கரை அளவு பார்க்கிறார்கள், நான் இதைப் பார்க்கிறேன். இரண்டையும் வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும் என்று என் மனைவி கேலி செய்வாள். அதெல்லாம் அவள் கேலி செய்துகொண்டிருந்த காலத்தில்.

அது என்ன எண் என்று முதலிலேயே கேட்டீர்கள், மேடம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது. ஆராய்ச்சியாளர் ஒருவர் கட்டுரை எழுதுகிறார். மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதைக் குறிப்பிட்டால் அவருக்கு ஒரு மேற்கோள் சேரும். தலைக்கு நாற்பது மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் உங்களிடம் நாற்பது இருந்தால், உங்கள் எண் நாற்பது. ஒரே ஒரு கட்டுரை ஓகோவென்று பேசப்பட்டுப் பயனில்லை, மற்றவையும் கூடவே ஏற வேண்டும். வேலை, பதவி உயர்வு, ஆய்வுக்கான நிதி எல்லாம் அதை வைத்துத்தான். முப்பது வருட உழைப்பை ஒரு பார்வையில் எடைபோட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம் என்பதால் தேர்வுக் குழுக்களுக்கு அது மிகவும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் நான் குளத்து நத்தைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல வேலை, நேர்மையான வேலை. நத்தைகளைப் பற்றி எழுதுகிறவர்களும் கொஞ்சம் பேர், படிக்கிறவர்களும் அதே கொஞ்சம் பேர். எண் ஓர் இடம் வரை ஏறிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கூடப் படித்தவர்களெல்லாம் துறைத் தலைவர்களானபோது நான் நத்தைகளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு கல்லீரல் செல்களுக்கு மாறினேன். அப்போதுதான் சின்னவன் என்னிடம் மாணவனாகச் சேர்ந்தான். சின்னவன் என் மனைவியின் தம்பி. அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து வளர்த்ததெல்லாம் அவள்தான். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. மச்சானுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டான் என்று ஆய்வுக்கூடத்தில் முணுமுணுத்தார்கள். அவன் வேலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நோயுற்ற கல்லீரலிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் உயிரோடு வளர்ப்பது அப்போது யாருக்கும் கைகூடாத காரியம். எங்களுக்குக் கைகூடியது. வளர்ந்தன என்றால் சாதாரணமாக இல்லை, விடாமல் வளர்ந்தன. அதைப் பற்றிக் கட்டுரை எழுதினோம். பல நாடுகளிலிருந்தும் செல் கேட்டு ஆய்வுக்கூடங்கள் எழுதின. உறையவைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் அனுப்பிவைத்தோம், பயன்படுத்துகிறவர்கள் எங்கள் கட்டுரையைக் குறிப்பிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. நியாயமான நிபந்தனைதான். என் எண் நாற்பதைத் தாண்டியது. நாற்பதுக்குக் குறைந்தவர்களின் விண்ணப்பத்தை இயக்குநர் பதவிக்குப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பதவி காலியாக இருந்த சமயம் அது.

அப்போது ஒரு நாள் சின்னவன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அவன் கதவைச் சாத்துகிற ஆள் இல்லை.

"அத்தான், நம்ம செல்லு கல்லீரல் செல்லே இல்ல."

"என்னடா உளர்ற?"

"புது மெஷின்ல சும்மா ஒரு தட்டை வச்சுப் பார்த்தேன். எல்லா லேப்லயும் களை மாதிரி வளருமே, அந்தப் பழைய செல்லு. அது நம்மளோடதுல கலந்திருக்கு. எப்பவோ நம்ம செல்லை முழுசாத் தின்னு தீர்த்துட்டு அதுவே உக்காந்திருக்கு. நாம இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் அதைத்தான் அனுப்பியிருக்கோம்."

அவன் அழ ஆரம்பித்தான். மீசை நரைத்தவன் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"ஆரம்பத்துல தட்டுக்கெல்லாம் தீனி மாத்தினது நான்தானே. ஒரே பாட்டில்லேர்ந்து ரெண்டுக்கும் ஊத்தித் தொலைச்சிருப்பேன். என் தப்பு அத்தான்."

இந்தத் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது. செல்களுக்கு ஊற்றுகிற தீனியை ஒரு தட்டுக்கு ஊற்றிவிட்டு, அதே பாட்டிலில் அடுத்த தட்டுக்கும் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். ஆனால் அதைச் செய்தது சின்னவன் இல்லை. அந்த வாரம் அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அவனுக்குப் பதில் நான் ஊற்றினேன், அவசரத்தில். அவன் அதை மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. அந்தச் செல்கள் திடீரென்று வெறிபிடித்து வளர்ந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பார்க்காமல் விட்டுவிட்டேன்.

"விடு, அப்ப உனக்குச் சின்ன வயசு" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

அவன் விடவில்லை. கட்டுரை வெளிவந்த ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதி அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றான். வேறொரு நாட்டில் ஒரு மாணவி, எங்கள் செல்களை வைத்து நான்கு வருடமாகச் சோதனை செய்துகொண்டிருந்தாள். கல்லீரல் செய்ய வேண்டிய எதையும் அவை செய்யவில்லை. நீ கைராசி இல்லாதவள் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். அவள் எனக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டாள், என்ன தப்புச் செய்கிறேன் என்று. இன்னும் கவனமாகச் செய்து பாருங்கள் என்று இரண்டு முறையும் அன்பாகவே பதில் எழுதினேன். மூன்றாவது தடவை அவள் சின்னவனுக்கு எழுதினாள். அதிலிருந்துதான் அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"நானே பொறுப்பு ஏத்துக்கறேன் அத்தான். உங்க பேர்ல ஒரு கீறல்கூட விழாது."

பெயரில் விழாது. எண்ணில் விழும். இது அவன் மண்டையில் ஏறவே இல்லை. அந்த ஒரு கட்டுரையின் தோளில்தான் மற்றவை எல்லாம் ஏறி நின்றன. அவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். கழித்த பிறகு என்னை யாரும் இயக்குநர் ஆக்க மாட்டார்கள்.

கீழ்த்தளத்துக் குளிர்சேமிப்பு அறையில் மிகப் பழைய குழாய் ஒன்று இருக்கிறது, அதைச் சோதித்தால் எப்போது கலந்தது என்று தெரிந்துவிடும் என்றான். "அது சுத்தமா இருந்தா முதல் பேப்பராச்சும் தப்பிக்கும் அத்தான்" என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அது சுத்தமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் போய் எடுத்துக்கொள், கூட்டம் இருக்காது என்றேன்.

அந்த அறையில் திரவ நைட்ரஜன் தொட்டிகள் இருக்கின்றன. நைட்ரஜன் கசிந்தால் அறையில் சுவாசிக்கக் காற்று இருக்காது. வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவான். அதற்காகத்தான் சுவரில் எச்சரிக்கை மணி. உங்கள் பழைய கோப்பில் இருப்பது சரிதான், மணி வேலை செய்யவில்லை. காரணமில்லாமல் அடித்து உயிரை வாங்குகிறது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அதை அணைத்து வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. வெளிக்காற்றை இழுக்கும் விசிறி ஓடவில்லை என்பதும் கோப்பில் இருக்கும். தொட்டியின் வால்வு தேய்ந்து போயிருந்தது என்று எழுதியிருப்பார்கள். தேய்ந்துதான் இருந்தது, ஆனால் தானாகத் திறந்துகொள்ளும் அளவுக்கு இல்லை.

அவன் கீழே போகும் முன் என் அறைக்குள் தலையை நீட்டினான். "அத்தான், அக்கா போன் பண்ணினா அரை மணியில வந்துடுவேன்னு சொல்லிடுங்க." சரி என்றேன். தனியாகப் போகாதே என்று சொல்ல வேண்டியது விதி. அந்த விதியை எழுதி வாசலில் ஒட்டியது நான்தான்.

பிறகு நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வேறு யாரோ எழுதிய கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்கு வந்திருந்தது. அதைப் படித்துக் குறிப்பு எழுதினேன். நல்ல கட்டுரை, வெளியிடலாம், ஆனால் எங்களுடைய மூன்று கட்டுரைகளைக் குறிப்பிடத் தவறியிருக்கிறார்கள், சேர்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி போன் செய்தாள். அரை மணியில் வந்துவிடுவான் என்று சொன்னேன்.

இயக்குநர் பதவி கிடைத்தது. அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படி தெரியும், அதனால் திரையை இழுத்துவிட்டு வேலை செய்தேன். புது மணி பொருத்தினார்கள். அது நன்றாக வேலை செய்தது. எப்போதாவது ஆளில்லாத நேரத்தில் அடிக்கும். பராமரிப்புக்காரர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்ல சார், காத்து சரியாத்தான் இருக்கு" என்பார். எனக்குப் பயமாக இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் என் மனைவி பேசுவதையே விட்டுவிட்டாள். சோறு போடுவாள், எதிரில் உட்கார மாட்டாள். "கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று மட்டும் அடிக்கடி கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வேன். அதைக் கேட்கத்தான் அவள் கேட்கிறாள் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை, மேடம். எங்கள் துறையின் பத்திரிகை சின்னவனுக்கு அஞ்சலி இதழ் ஒன்று கொண்டுவந்தது. எழுதியவர்கள் எல்லோரும் அவன் கட்டுரைகளைத் தேடித் தேடிக் குறிப்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது யார் கூப்பிட்டாலும் போய் உதவி செய்வான். ஒரு வார்த்தை நன்றி சொல்லாதவர்கள்கூட இப்போது ஆசிரியர் வரிசையில் அவன் பெயரைச் சேர்த்தார்கள், பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டு, காலமானார் என்று. நான் இல்லாத கட்டுரைகளிலெல்லாம் அவன் இருந்தான். மாதாமாதம் புதிதாக வெளியிட்டுக்கொண்டே இருந்தான். இணையத்தில் அவன் பெயரில் இருக்கும் பக்கத்தில் அதே பழைய சிரித்த போட்டோ, அதன் கீழே எண் ஏறிக்கொண்டே இருந்தது.

என் மனைவி அதைக் கண்டுபிடித்தாள். இருபது வருடத்தில் என் எண் என்ன என்று ஒரு நாளும் கேட்காதவள், தினமும் அவனுடையதைப் பார்க்க ஆரம்பித்தாள். மறுபடி எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "இன்னைக்கு நாலு பேரு சின்னவனைச் சொல்லியிருக்காங்க" என்பாள். "எங்கெங்கேயோ இருக்கறவங்கல்லாம் அவனைப் படிக்கறாங்கங்க." அவன் பக்கத்து அறையில் இருப்பதைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். எனக்குச் சோறு இறங்காது. இரவு நான் புரண்டு படுக்கும்போது அவள் தலையணைக்கு அடியில் போன் வெளிச்சம் தெரியும்.

போன வாரம் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், கையெல்லாம் மாவு. சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"என்னங்க, சின்னவன் உங்களத் தாண்டிட்டான். அவனுக்கு நாப்பத்தி நாலு. உங்களுக்கு நாப்பத்தி மூணுதான். பாத்தீங்களா?"

பார்த்தேன். திரையில் அவன் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது, அவள் தடவியிருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னேன். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள், நான் தூங்கவில்லை.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். உண்மை வெளியே வர வேண்டும் என்பதற்காக வந்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. அந்த மாணவி படிப்பை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், அவளுக்கும் ஒரு பதில் போக வேண்டும் அல்லவா. வால்வைத் திறந்தது நான், விசிறியையும் மணியையும் அணைத்தது நான், அவனைத் தனியாக அனுப்பியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பு பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன். செல் எப்படிக் கலந்தது என்ற இடத்தில் மட்டும் சின்னவன் சொன்னதையே எழுதினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். அதை நம்பி எழுதியவை எல்லாம் ஒவ்வொன்றாகப் போகும், அவனுடையதும் என்னுடையதும். என் மனைவி தினமும் பார்ப்பாள். கொஞ்ச நாள் வருத்தப்படுவாள், அப்புறம் பார்ப்பதை விட்டுவிடுவாள். வருவதற்கு முன் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேடம். எல்லாம் போன பிறகு அவனுக்கு மிஞ்சுவது ஒன்பது. எனக்குப் பதினான்கு.