பக்கத்து வீட்டுக் கிண்ணம்

ஜெய்தூன் பீவி: ஏலே செழியா, எனக்கு இம்புட்டுத்தேன் வசனமா? "இந்தாப்பு, பிரியாணி. சூடா சாப்புடு"... அம்புட்டுத்தானா?

இளஞ்செழியன்: குறும்படம்ல பீவிம்மா. பத்து நிமிசந்தேன். அதுல நீங்க பக்கத்து வீட்டம்மா.

ஜெய்தூன் பீவி: அதுக்கு எதுக்குடா இந்தக் கறுப்பு புர்கா? நீ பொறந்ததுலருந்து செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன். என்னைக்காச்சும் இதப் போட்டுப் பாத்திருக்கியா? வெள்ளத் துப்பட்டிதான எனக்கு.

இளஞ்செழியன்: பாக்குறவகளுக்கு முஸ்லிம்னு சட்டுனு தெரியணும்ல... போட்டிக்கு அனுப்புறோம். எல்லாச் சனமும் படத்துல இருக்கணும்னு ஒரு ஆசை.

ஜெய்தூன் பீவி: ஓகோ... அப்ப எல ஓரத்து ஊறுகாயா நானு?

இளஞ்செழியன்: ஐயோ, அப்பிடி இல்ல...

ஜெய்தூன் பீவி: அப்புறம் இந்தப் பிரியாணி! நம்ம திண்டுக்கல்ல தெருவுக்கு நாலு பிரியாணிக் கட. அம்புட்டும் பாய்மாரா நடத்துறாக? எங்க வீட்டு அடுப்புல மட்டும் வேற ஒண்ணும் ஏறாதாக்கும்?

இளஞ்செழியன்: சரி சரி, சிரிக்காதீங்க. ஜெரோம் கேமராவத் தூக்கிட்டு இப்ப வந்துருவான்...

ஜெய்தூன் பீவி: வரட்டும். மொதல்ல கதையச் சொல்லு.

இளஞ்செழியன்: புருசன் பொண்டாட்டி சண்ட. ஒரு நா அம்மாக்காரி, காய்ச்சல்ல கெடக்குற புள்ளய விட்டுட்டு ஓடிருவா. பக்கத்து வீட்டம்மாதேன் வந்து வந்து அந்தப் பயலுக்குச் சோறு குடுப்பாக.

ஜெய்தூன் பீவி: யாரு வீட்டுக் கதைடா இது?

இளஞ்செழியன்: கற்பன...

ஜெய்தூன் பீவி: கற்பனைக்கு நம்ம தெருவுலதேன் வாடகைக்கு வீடு கெடச்சுச்சாக்கும்? பெத்தவள ஓடிப்போனவன்னு ஊருக்கே காட்டப்போற. உங்கம்மா கௌசல்யாவுக்குத் தெரியுமா?

இளஞ்செழியன்: நெசமாவே ஓடுனதுதான பீவிம்மா? ஒரு வாரம் கழிச்சு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி "சாப்டியா"ன்னு கேட்டுச்சு.

ஜெய்தூன் பீவி: அதுக்காக... ஆத்தூர்ல ஒத்தையில கெடக்குறவள ஒரு எட்டுப் போயிப் பாக்கக் கூடாதா?

இளஞ்செழியன்: அத விடுங்க பீவிம்மா. வசனத்த ஒருக்காச் சொல்லிப் பாருங்க.

ஜெய்தூன் பீவி: நா நடிக்கல செழியா. வேற ஆளப் பாரு.

இளஞ்செழியன்: பீவிம்மா! கோவிச்சுக்கிட்டீங்களா? புர்கா வேணாம். பிரியாணியும் வேணாம், மாத்திருவோம். அன்னைக்கு நெசமா என்ன குடுத்தீங்கன்னு சொல்லுங்க, அதையே வப்போம்.

ஜெய்தூன் பீவி: காய்ச்சக்காரப் பயலுக்கு யாருடா பிரியாணி குடுப்பா? எங்க வீட்டுக் கிண்ணத்துல வந்துச்சுன்னதும் பிரியாணின்னு நீயா நெனச்சுக்கிட்டே. அது பருப்புச் சோறு. நெய் ஊத்தி, கொழையப் பெசஞ்சு...

இளஞ்செழியன்: இல்லயே, பிரியாணின்னுதான எனக்கு... இருங்க. மெளகு தட்டிப் போட்டு... சின்னச் சின்ன உருண்டையா...

ஜெய்தூன் பீவி: ஆமா.

இளஞ்செழியன்: அது எங்கம்மா உருட்டுற மாதிரியில்ல? உங்களுக்கு எப்பிடித் தெரியும் அந்தப் பக்குவம்?

ஜெய்தூன் பீவி: எனக்கு எங்குட்டுத் தெரியும்? அவ எங்கயும் ஓடலப்பு... உங்கப்பன் அடிச்ச அடியில மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சு. புள்ள பாத்தாப் பயந்துருவான்னு எங்க அடுப்படியிலதேன் ஒளிஞ்சு கெடந்தா. உங்கப்பன் தேடி வந்தப்ப இங்க இல்லேன்னு சொன்னது நாந்தேன். பயலுக்கு அப்பன் மேல வெறுப்பு வந்துரக் கூடாது, சொல்லிராதேன்னு சத்தியம் வாங்குனா. இன்னைக்கு மீறிட்டேன், அல்லா என்னைய மன்னிக்கட்டும். செவுத்துல காத வச்சு, நீ இருமுறதக் கேட்டு அழுதுக்கிட்டே பெசஞ்சாடா. கிண்ணம் மட்டுந்தேன் எங்க வீட்டுது. சோறு உங்கம்மா சோறு.