நாற்பத்தொரு சுருக்கமும் ஒரே ஒரு கழுதையும்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, அன்புச் சகோதரி மோகனா அவர்களே, ஆளில்லாமல் கிடந்த எங்கள் நூலகத்துக்கு நூற்றுப் பத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்த தலைமையாசிரியர் கன்னியப்பன் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசியாக, மண்ணில் சம்மணமிட்டு அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் வாசகச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் உங்கள் கிளை நூலகர் சோபனாவின் பணிவான வணக்கம்.

பின்னால் நிற்கும் அம்மா, இங்கே நாற்காலி இருக்கிறது, வந்து உட்காருங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால் அது.

பள்ளியும் நூலகமும் கைகோத்து இன்றோடு இரண்டாண்டு நிறைகிறது. வெற்றிக் கதையாக ஒன்று சொல்லுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். கதை இருக்கிறது. அது வெற்றிக் கதைதானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெளிந்தவர்கள் வந்து பேச வேண்டிய மேடையில் குழம்பிய ஒருத்தி வந்து நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டை நினைத்துப் பாருங்கள். புதன்கிழமை மதியம் கடைசி இரண்டு பீரியடு நூலகத்துக்கு என்று முடிவானது. எடுத்த புத்தகத்துக்கு ஒரு பக்கம் சுருக்கம் எழுத வேண்டும் என்று நான் விதி போட்டேன். சுவரில் அட்டவணை தொங்கவிட்டேன். சுருக்கம் ஒன்றுக்கு நட்சத்திரம் ஒன்று. மாதம் முந்நூற்றைம்பது புத்தகம் போனது, முந்நூற்றைம்பது சுருக்கம் வந்தது. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன், பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

ஏழாம் வகுப்பு ஜாஸ்மின் நாற்பத்தொரு சுருக்கம் எழுதி முதலிடத்தில் இருந்தாள். அதே வகுப்பில் ஃபரீதா என்றொரு பெண். அவள் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரமும் இல்லை. ஒன்பது புதன்கிழமை வந்தாள், ஒன்பது புதன்கிழமையும் ஒரே புத்தகத்தை எடுத்தாள். டிக்கெட் வாங்காமல் ரயிலேறிய ஒரு கழுதையின் கதை அது.

இதென்ன பிடிவாதம்? இதென்ன வீம்பு? ஆயிரக்கணக்கான புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறேன், இவளுக்கு அந்தக் கழுதைதானா? சுருக்கம் எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்தாள். வேறு புத்தகம் எடு என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. சுருக்கம் எழுதித் தரும்வரை உனக்குப் புத்தகம் கிடையாது என்று சொல்லி, அவள் நூலக அட்டையை வாங்கி என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். அவளை நல்வழிப்படுத்துகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவள் தந்தை அஹமது பாஷா நூலகத்துக்கு வந்தார். தோல் கம்பெனியில் வேலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், தன் பெண் என்ன தவறு செய்தாள் என்று தணிந்த குரலில் கேட்டார். நான் நோட்டைத் திறந்து விரிவாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஒரே புக்கை ஒம்பது வாட்டி படிக்கிறது தப்புங்களா மேடம்? எனக்குத் தெரியல, அதான் கேக்குறேன். படிக்கிறப்ப அவ தனியா சிரிப்பா. அவ சிரிக்கிறதைப் பாத்து நாங்களும் சிரிப்போம். இன்னாத்துக்குன்னு எங்களுக்குத் தெரியாது. இப்ப மூணு வாரமா வீட்டுல அந்தச் சத்தம் இல்ல. அது ஒண்ணுதான் பேஜாரா இருக்குது."

பத்தொன்பது ஆண்டு நூலகத்தில் இருக்கிறேன். புத்தகம் கிழிந்தால் விதி உண்டு, தொலைந்தால் விதி உண்டு, தாமதமானால் விதி உண்டு. ஒருத்திக்கு ஒரு புத்தகம் அளவுக்கு மீறிப் பிடித்துப்போனால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பி அவரை அனுப்பிவைத்தேன்.

அவர் போன பிறகு அந்தக் கழுதைப் புத்தகத்தை எடுத்தேன். முத்திரை குத்தியிருக்கிறேன், அடுக்கியிருக்கிறேன், தூசி தட்டியிருக்கிறேன், படித்ததில்லை. மேசையருகே நின்றபடியே படிக்கத் தொடங்கினேன். டிக்கெட் எங்கே என்று பரிசோதகர் கேட்கிறார். பசித்தது, தின்றுவிட்டேன் என்கிறது கழுதை. எந்த ஊர் டிக்கெட் என்று கேட்கிறார். ருசியைப் பார்த்தால் ஜோலார்பேட்டை மாதிரிதான் இருந்தது என்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் என்னை நானே கேட்டுக்கொண்டேன். கடைசியாக நான் எப்போது ஒரு புத்தகத்தைப் படித்து மகிழ்ந்தேன்? யோசித்தேன், யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. வேலைக்காகப் படித்தேன், தேர்வுக்காகப் படித்தேன். வேலை கிடைத்த நாளில் நிறுத்திவிட்டேன். பசியே அறியாத ஒருத்தி பந்தி பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்கு அன்று அழுகைதான் வந்தது.

மறுநாள் பள்ளிக்கு வந்து ஃபரீதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் மன்னிப்பைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவளுடைய கவலை வேறு. "மிஸ், அந்த புக்கை வேற யாராச்சும் எடுத்துட்டாங்களா?" என்றுதான் கேட்டாள். இல்லையம்மா என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது.

அங்கிருந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். சுருக்கமும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம், பரிசும் வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதலைன்னா புள்ளைங்க படிச்சாங்களா இல்லையான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுங்க சார்."

"தெரியாமலே ஒரு வருஷம் நடத்தலாம்னு சொல்றீங்க."

"ஆமாங்க சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, சரி என்றார். ஐயா, அன்று நீங்கள் ஏன் சரி என்றீர்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. தமக்கும் புரியவில்லை என்று தலையசைக்கிறார், பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? வாசகர்கள் வெள்ளமாய்த் திரண்டார்களா? அதுதான் இல்லை. முந்நூற்றைம்பது என்பது தொண்ணூறாகச் சரிந்தது. சிலர் படம் பார்த்தார்கள், சிலர் ஜன்னல் வழியாக லாரி பார்த்தார்கள், இரண்டு பேர் தூங்கினார்கள். அந்த பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாமே என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றியது. பாராட்டுக் கடிதத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நல்லது செய்தேனா, நடந்துகொண்டிருந்த ஒன்றைக் கெடுத்தேனா என்று பல நாள் மயங்கினேன்.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் போன புத்தகம் புதிது போலவே திரும்பி வரும். இப்போது வந்தவற்றில் குழம்புக் கறை இருந்தது. பக்கம் மடங்கியிருந்தது. ஒரு நூலகர் கறையைக் கண்டு மகிழலாமா? அதையும் உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

அப்படி ஒரு புதன்கிழமை ஜாஸ்மின் என் மேசைக்கு வந்தாள். நாற்பத்தொரு நட்சத்திரக்காரி. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியிலேயே திருப்பித் தரலாமா என்று பயந்து பயந்து கேட்டாள். தரலாம் என்றேன். நான் மனம் மாற்றிக்கொள்வேனோ என்று சற்று நின்று பார்த்தாள். பிறகு தொடர்ந்து ஆறு புத்தகத்தைப் பாதியில் திருப்பினாள். நாற்பத்தொன்றை எழுதித் தீர்த்த பெண்ணுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நான் கலங்கிப் போனேன்.

ஏழாவது புத்தகத்தை எடுத்துப் போனாள். அது வரவேயில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். போன புதன்கிழமை கூப்பிட்டு, தொலைத்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பிறகு ஏன் தரவில்லை என்றேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், தாய்மார்களே, கேளுங்கள்:

"கடைசிப் பக்கத்தை மட்டும் பாக்கி வெச்சிருக்கேன் மிஸ். படிச்சிட்டா முடிஞ்சிடும்."

எந்தப் பாடத்திட்டம் இதைக் கற்றுத் தந்தது? எந்தப் பரிசு இதை வாங்கித் தந்தது? எந்த அறிக்கையில் இதை எழுதுவேன்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாமலே இதைக் காத்து நிற்பேன். நீங்களும் காத்து நில்லுங்கள். உங்கள் பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது எத்தனை முடித்தாய் என்று கேட்காதீர்கள். என்ன கற்றாய் என்று கேட்காதீர்கள். சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். எதற்கென்று தெரியாவிட்டாலும் சிரியுங்கள்.

அன்று ஜாஸ்மினிடமிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கினேன். திருப்பித் தர வேண்டிய தேதியைத் தள்ளிப்போட்டு முத்திரை குத்தி, அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

பேச அழைத்த பள்ளிக்கும், நாள் முழுக்க உழைத்த களைப்போடு பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.