கறுப்புக் கரை

இல்லங்க, நல்லாத்தான் ஒட்டியிருக்கு, எனக்கும் கண்ணு தெரியுது. எங்கயும் விடல, எங்கயும் வெடிக்கல. ஆனாலும் மாத்தணும். இந்தா, கிட்டார் ஓரத்துல சுத்தி ஓடுது பாருங்க இந்த மினுக்குப் பட்டை, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும், இது மொத்தமும் வெளிய வரணும். அந்த இடத்துல சாதாக் கறுப்பு வெச்சுக் குடுங்க. பளபளப்பு, புள்ளி, கோடு, எந்தக் கண்றாவியும் வேண்டாம்.

காரணமா? பிடிக்கலைங்க. அதுக்கு மேல என்ன காரணம் வேணும்?

என்னோடது இல்ல, எனக்கு வாசிக்கவெல்லாம் வராது. எங்க வீட்டுக்காரர்தான் வாசிப்பாரு. வாரநாள்ல ஆபீஸ், சனி ஞாயிறானா ஒரு பாட்டுக் குழு. ஹோட்டல்ல, விழாவுல வாசிக்கப் போவாங்க. அவருக்குத் தெரியுமான்னா, தெரியாது. திடீர்னு காட்டி அசத்தலாம்னு இருக்கேன். மாமியாருக்குக் கண்ணு ஆபரேஷன், கூட இருக்கப் போயிருக்காரு. ஆஸ்பத்திரியில கிட்டாருக்கு என்ன வேலை, அதான் வீட்டுல வெச்சுட்டுப் போனாரு. அவர் திரும்பறதுக்குள்ள முடிஞ்சாப் போதும். வழக்கமா போற கடை ஒண்ணு இருக்கு. ஆனா அங்க குடுத்தா, நான் படி இறங்கறதுக்குள்ள அந்தாளு இவருக்குப் போன் போட்டுருவாரு. அப்புறம் எங்க அசத்துறது?

நீங்க ஆரம்பிங்க. நான் இப்படி ஓரமா உக்காந்து பாக்கறேன். தொந்தரவு பண்ணமாட்டேன். பேசுவேன், அவ்வளவுதான்.

அது எதுக்குங்க பிளேடு? ஓ, பட்டையை ஒட்டி வார்னிஷைக் கீறி விடறீங்களா. பட்டை வரும்போது வார்னிஷும் சேந்து உரிஞ்சு வரக்கூடாது, அதானே? சரிதான். நான் சோபா உறை தைக்கிறவங்க. ஓரத்துல வெச்சுத் தைச்ச பழைய பைப்பிங்கைப் பிரிக்கிறப்ப நாங்களும் நூலைத்தான் முதல்ல அறுப்போம். ஆத்திரப்பட்டு இழுத்தா துணி போயிடும். ஓரம் எதுக்கு வெக்கிறாங்கன்னு எனக்குச் சொல்லவே வேண்டாம். எங்கயாவது முட்டினா மரம் அடிபடாம இருக்கணும். அந்த வேலைக்கு எதுக்குங்க இவ்வளவு மினுக்கு?

முதல்ல கறுப்புதான் இருந்துச்சு. கல்யாணமான புதுசுல நானும் அவரும் கடைக்குப் போய் எடுத்தது. கறுப்பு ஓரம் வெச்சதை எடுங்க, உங்க சட்டைக்கெல்லாம் சேரும்னு நான்தான் சொன்னேன். சிரிக்காதீங்க. சட்டைக்குச் சேருதான்னு பாத்துக் கிட்டார் வாங்கினது நாங்களாத்தான் இருப்போம். அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் பஸ்ஸுல என் மடியிலதான் இருந்துச்சு.

அப்புறம் குழுவுல ஒருத்தி வந்து சேந்தா. பாடறவ. குயில் குயில்னு எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினாங்க. நல்லாத்தான் பாடுவா, அதுல பொய் சொல்லக்கூடாது. அதானே வயித்தெரிச்சலே! மட்டமாப் பாடியிருந்தா நான் ஏன் கவலைப்படப் போறேன்? பாடறதோட விட்டாளா, அவளும் கிட்டார் வாசிப்பா. அதே கம்பெனி, அதே அளவு, அதே மரக்கலரு. ஓரம் மட்டும்தான் வேற. அவளுதுல இந்த மினுக்குப் பட்டை.

ஒருநாள் ஏதோ சின்ன வேலைக்குக் குடுத்திருக்கேன்னாரு. திரும்பி வந்தப்ப பாத்தா, கறுப்பு போய் மினுக்கு வந்திருக்கு. ஏங்கன்னு கேட்டா, மேடையில பாக்க ஒரே மாதிரி இருக்கும்ங்கறாரு. குழுவுல இன்னும் எத்தனையோ பேரு இருக்காங்களே, டிரம்ஸ் அடிக்கிறவருக்கு எதுக்கு மினுக்கு ஒட்டல? அடுத்த மாசமே கிட்டார் வெக்கிற பெட்டியும் அவளுது மாதிரியே வாங்கியாச்சு. ஜோடிக் கம்மல் தெரியும், ஜோடிச் செருப்பு தெரியும். ஜோடிக் கிட்டார் எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

ஒரு நிகழ்ச்சிக்கு நானும் போய் முன்வரிசையில உக்காந்தேன். லைட்டு விழுந்ததும் ரெண்டும் ஒண்ணா மினுங்குது. அவ தலையை ஆட்டினா இவரும் ஆட்டறாரு. பக்கத்துல இருந்த அம்மா என் தோளைத் தொட்டு, ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியான்னு என்னையே கேக்கறாங்க! தெரியலைங்கம்மான்னு சொல்லிட்டேன். எந்தப் பொண்டாட்டியாவது அப்படிச் சொல்லுவாளா? சொன்னேனே. இன்னிக்கும் அதை நெனைச்சா என் வாயிலயே போட்டுக்கலாம் போல இருக்கு.

என்னது, ஹேர் டிரையரா? நல்லாப் பெருசா இருக்கு. சூடு காட்டினாத்தான் பசை இளகுமா... கற்பூர வாசனை வருதே! எங்க இருந்துங்க? ஓ, இந்தப் பட்டையே கற்பூரம் கலந்து செய்யற பழைய மாதிரிப் பிளாஸ்டிக்கா. அப்ப நெருப்புன்னா சட்டுனு பிடிச்சுக்குமா? ம்ம். இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். நீங்க ஏன் டிரையரை அந்தப் பக்கமா தள்ளி வெக்கறீங்க? நான் எதுவும் பண்ணமாட்டேங்க.

மெதுவா வருது பாருங்க. இடுப்பு வளைவுல எப்படிப் புடிச்சுக்கிட்டு இருக்கு, விடவே மனசில்லாம! அந்த வளைவுதான் அவர் தொடை மேல உக்காரும். வலது கை இந்த ஓரத்து மேலயே கிடக்கும். டிவி பாக்கறப்பவும் மடியில இதுதான். நான் பக்கத்துல போய் உக்காந்தா, இடிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்கறாரு. மழை வந்தா குடை முதல்ல பெட்டிக்கு. மரம் காஞ்சு வெடிச்சுரக்கூடாதுன்னு பெட்டிக்குள்ள ஈரம் காக்க ஒரு பொட்டலம் வேற. என் குதிகால் வெடிச்சுக் கிடக்கு, அதுக்கு ஒரு பொட்டலம் உண்டா?

ஆமாங்க, பொறாமைதான். நீங்க கேக்கலைன்னாலும் உங்க முகம் கேக்குது. பொறாமைன்னு சொல்றதுல எனக்கு வெக்கமே இல்ல. அவ அழகா இருக்கான்னு இல்ல. அவகிட்ட பேசறப்ப அவர் பேசறதை நான் கேட்டிருக்கேன், ஆரம்பிச்சா முடிவே இருக்காது. அந்தப் பாட்டுல அந்த இடம், இந்தப் பாட்டுல இந்த இடம்னு கையெல்லாம் ஆட்டிக்கிட்டு. என்கிட்ட பேசறது என்னன்னா, பால் இருக்கா, கேஸ் வந்துச்சா, சார்ஜர் எங்க. எனக்கும் பாட்டு பிடிக்கும்ங்க. தைக்கிறப்ப நாள் பூரா பாட்டுதான் ஓடும். எந்த இடம் நல்லா இருக்குன்னு என்னை ஒருதடவை கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

இப்ப அவ குழுவுல இல்ல. விலகிப் போய் வருஷத்துக்கு மேல ஆச்சு. பேச்சும் இல்ல, பழக்கமும் இல்ல, எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாதுன்னு அவரே சொல்றாரு. நான் கேக்காமலே சொல்றாரு, அதைக் கவனிங்க. சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது, ஒரு சம்பந்தமும் இல்லாம, அந்தக் குயிலைப் பாத்தே எவ்வளவு காலமாச்சுங்கறாரு. நான் இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டான்னு கேட்டேன். சரி, போனவ போயிட்டா. அப்ப ஜோடி மட்டும் எதுக்கு மினுங்கணும்? அதான் உங்ககிட்ட வந்துட்டேன்.

ஆங், முன்பக்கம் முழுசா வந்துருச்சு. சுருண்டு கிடக்கறதைப் பாருங்க, இதுக்குத்தான் இத்தனை ஆட்டம்.

என்ன அப்படி உத்துப் பாக்கறீங்க? பட்டை இருந்த பள்ளத்துல வேற பசைத் தடமே இல்லையா? கம்பெனியில ஒட்டினதோட சரி, அப்புறம் யாரும் கைவெச்ச மாதிரியே தெரியலையா? அது... வழக்கமாப் போற கடைக்காரர் கைவேலை அப்படிங்க. சுத்தமா வேலை பாப்பாருன்னு பேரு. நானும்தான், ஒரு உறை மாத்தினா பழைய ஊசி ஓட்டை தெரியாம மாத்துவேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. அந்தக் கறுப்பை எடுத்துச் சும்மா வெச்சுக் காட்டுங்களேன். பசை அப்புறம் போடலாம்.

அடேயப்பா! முகமே மாறிப்போச்சு. இப்பதான் பாக்கற மாதிரி இருக்கு. ஒட்டினதும் டேப்பு போட்டு இறுக்கிக் கட்டி வெச்சுருவீங்களா? நாளைக்கு நல்லாக் காஞ்சப்புறம் சுரண்டி மட்டமாக்கணும், சரி சரி, அவசரம் இல்ல. வேலை சுத்தமா இருக்கணும். யார் கண்ணுல பட்டாலும் முதல்ல கறுப்புதான் தெரியணும்.

பின்பக்கமும் எடுத்துரலாம், திருப்புங்க.

என்ன? கீறலா? எங்க, கீறலே இல்லையே.

ஓ, இல்லையேன்னுதான் கேக்கறீங்களா. ஆமா, இத்தனை வருஷம் நின்னுக்கிட்டு வாசிக்கிறவருன்னா இடுப்பு பெல்ட்டுக் கொக்கி உரசியிருக்கணும்தான். அவரோடதுல உரசியிருக்குங்க. பின்னாடி உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷே இருக்காது, சொரசொரன்னு இருக்கும். தினமும் துடைச்சு வெக்கிறவ நான்தானே, கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலும் தெரியும்.

அவ பெல்ட்டு போடறதில்லைங்க.

ஆமா, இது அவளோடது. அவரோடது அவ வீட்டுல இருக்கு. போன வாரம் வெளியூர்ல நிகழ்ச்சி, தங்கிட்டுத்தான் வருவேன்னு போனாரு. அவ வீட்டுல இருந்து கிளம்பற அவசரத்துல பெட்டியை மாத்தித் தூக்கிட்டு வந்துட்டாரு போல. மறுநாள் துடைக்க எடுத்தேன், பின்னாடி கை வழுக்கிக்கிட்டுப் போகுது. நான் ஒண்ணுமே கேக்கல. சாயங்காலம் அவரும் கண்டுபிடிச்சுட்டாரு, திருதிருன்னு முழிச்சதுலயே தெரிஞ்சுது. அப்புறமும் சோபாவுல உக்காந்து இதையே மடியில வெச்சுக்கிட்டு, இப்பல்லாம் சுருதி நல்லா நிக்குதுன்னு என்கிட்ட சொல்றாரு.

ஏங்க கையை எடுத்துட்டீங்க? அடுத்தவங்க சாமானா? உங்களுக்கென்னங்க, வீட்டுல இருந்த கிட்டாரைப் பொண்டாட்டி கொண்டாந்து குடுத்தா, நீங்க செஞ்சு குடுத்தீங்க. முன்பக்கம் உரிச்சாச்சு, சுருண்டு கிடக்கறதை இனிமே திரும்ப ஒட்டவா முடியும்? நான் சண்டை போடப்போறதில்ல, பயப்படாதீங்க. வந்ததும் சிரிச்சுக்கிட்டே கையில குடுப்பேன். நாம முதல்ல வாங்கினப்ப இருந்த மாதிரியே கறுப்பு வெச்சுட்டேன், உங்களுக்காகத்தான்னு சொல்லுவேன். ரொம்ப நல்லா இருக்குன்னு அவர் சொல்லித்தான் ஆகணும். வேற என்ன சொல்ல முடியும், சொல்லுங்க? அப்புறம் இதை அவகிட்ட எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பாரோ, என்ன சொல்லிக் குடுப்பாரோ, அது அவர் பாடு.

டிரையரைப் போடுங்க, ஆறுது.