காற்றைப் பிடித்த கண்ணாடி

போடிக்குப் போகும் பஸ்சில் என் முன் சீட்டுப் பெண் விளக்கெண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டு ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

"தொட்டுறாதீக மதினி, காத்தப் பிடிச்சுக் கொண்டுபோறேன்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

"காத்தையா?"

"நெல்லுல குலைநோய். பூஞ்சைத் தூளு காத்துல பறந்துதான் பரவுமாம். என் வயல்ல இருந்துதான் ஊருக்கே பரவுச்சுன்னு என்னையக் கூட்டத்துல நிக்க வச்சுட்டாக. அதான் குரங்கணிப் பக்கமிருந்து வீசுற காத்துக்கு எதுக்க, வரப்புல கம்பு நட்டு இதக் கட்டுனேன். இதுல தூளு விழுந்திருந்தா, வெளிய இருந்து வந்ததுதான? விவசாய ஆபீஸ்ல மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொல்லப் போறேன்."

மதினி குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலியே."

"எனக்குந்தான் தெரியல. என் வயல்ல இருந்து கெளம்புனது மட்டும் அவுக கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாக்கும்?"