எந்த ரயிலிலயும் ஏறலாம்

...ஒருத்தர் எண்டாலும் யன்னலால கையைக் காட்டினவையோ எண்டு கேளுங்கோ பிள்ளை. இல்லை! பத்துப் பேர் ஏறினவை, பத்துப் பேருக்கும் பெட்டியை எங்க வைக்கிறது எண்டதிலதான் கண். என்ர மனிசன், இவர் எண்டாலும் ஒருக்கா எட்டிப் பாத்தாரோ? அவருக்குச் சோத்துப் பாசல் ஆரின்ர பையுக்க எண்டதுதான் கவலை. ரயில் போட்டுது. நான் இஞ்ச விக்ரோறியா ஸ்ரேசனில, இந்தக் கண்டறியாத இரும்பு வாங்கில, பலகாரப் பெட்டியோட குந்திக்கொண்டு இருக்கிறன். இருங்கோ, இருங்கோ, எழும்பாதேங்கோ. இடம் கிடக்கு. மூக்குத்தியைக் கண்ட உடன தமிழ் எண்டு பிடிச்சுப்போட்டன். மலேசியாவோ? ஆ... அதுதான் வாங்க போங்க எண்டு ஒரு மாதிரிக் கதைக்கிறியள். பிறைற்றனுக்கோ போறியள்? அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு, இருங்கோ.

என்னை விட்டுட்டுப் போட்டினம் எண்டு நினையாதேங்கோ. நான்தான் அவையை விட்டனான்! அவை வைச்சிருக்கிறது மலிவு ரிக்கற். பத்துப் பேர் ஒண்டாப் போகோணும், ஒண்டா வரோணும். சொன்ன நாள், சொன்ன ரயில், சொன்ன கப்பல். மாத்த ஏலாது. திருப்பிக் குடுத்தாலும் காசு தரமாட்டாங்கள். ஒருத்தருக்கு வயித்தைக் கலக்கினா மற்ற ஒன்பது பேரும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே? ஊரில ஆட்டை லொறியில ஏத்திறவன்கூட இதைவிட மரியாதையா ஏத்துவான். என்ர கையில இருக்கிறது பாஸ் பிள்ளை, பாஸ்! ஒரு மாசத்துக்கு எந்த ரயிலிலயும் ஏறலாம், எங்கயும் இறங்கலாம், ஒருத்தன்ர முகத்தையும் பாக்கத் தேவையில்லை. இதைச் சொன்னா எங்கட ஆக்களுக்கு விளங்காது. மலிவு எண்ட சொல்லைக் கேட்டாக் காணும், மூளையைக் கழட்டி வைச்சிட்டுத்தான் வரிசையில நிப்பினம்.

உந்த மலிவு ரிக்கற்றைப் பிடிச்சவ ஆர் எண்டு நினைக்கிறியள்? ரதி. இவற்ற தம்பி பத்மநாதன்ர பெண்சாதி. உங்களைப் போல மூக்குத்தி, ஆனா ஆள் கட்டை. மலிவு எண்டா பேதி மருந்தையும் ரெண்டு போத்திலா வாங்குவாள். ரெய்னர்ஸ் லேனில எங்கட வீட்டு ஹோலில வந்து, காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு, "அக்கா, நீங்களும் வந்தாத்தான் பத்தாகும், பத்தானாத்தான் குறைப்பாங்கள்" எண்டாள். பாத்தியளோ கதையை? நான் வரோணும் எண்டு இல்லை, பத்தாக வேணுமாம்! நான் மாட்டன் எண்டிட்டன். பேந்து பாத்தா, வட லண்டன் எட்மண்டனில இருந்து கஸ்பர் எண்ட ஒரு மனிசனைப் பிடிச்சுக்கொண்டு வந்து பத்தாக்கிப்போட்டாள். கலியாண வீட்டுக்கும் அந்தாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பழைய பென்ஸ் கார் ஒண்டு பாக்கப் போறாராம். மாப்பிள்ளையின்ர பெரியம்மா நான் இஞ்ச வாங்கில. பென்ஸ் கார் கஸ்பர் அங்க யன்னல் சீற்றில.

ஓம், கலியாணத்துக்குத்தான். ஜெர்மனியில, எஸ்ஸன் எண்ட ஊர். என்ர தங்கச்சி பவளக்கொடியின்ர மகன் வாசுதேவனுக்கு நாளைக்குக் காலமை தாலி கட்டு. கொஞ்சம் கிட்ட வாங்கோ... இன்னும் கிட்ட. இந்தக் கைப்பையை நான் ஏன் இப்பிடி நெஞ்சோட அணைச்சு வைச்சிருக்கிறன் தெரியுமோ? தாலிக்கொடி. உஸ்! திரும்பிப் பாக்காதேங்கோ, அந்தத் தொப்பிக்காரன் பாக்கிறான். ஜெர்மனியில எங்கட பத்தர்மார் எங்க? பொன்னுருக்கினது என்ர வீட்டில, கொடி செய்விச்சது இஞ்ச லண்டனில. பவளம் ரெலிபோனில அழுதழுது சொன்னவள், "அக்கா, வேற ஆரிட்டயும் குடுத்து விடாதை, நீ உன்ர கையால கொண்டு வா" எண்டு. நான் போகாட்டி ஐயர் மந்திரம் சொல்லிப்போட்டு மஞ்சள் கயிறுதான் தேடோணும்.

இப்ப நீங்களே சொல்லுங்கோ. அப்பிடிப்பட்ட சாமானை ராகுகாலத்தில வெளிக்கிடுத்தலாமோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவையின்ர ரயில் எத்தினை மணிக்கு? பதினொண்டுக்கு! சரி நடுவில! பிளாற்போமில நிண்டு தொண்டை கிழியச் சொன்னன், கொஞ்சம் பொறுங்கோ, பன்னிரண்டு தாண்டட்டும் எண்டு. "ரிக்கற்றில உந்த ரயில்தான் எழுதிக் கிடக்கு அக்கா." அதைச் சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. மலிவு ரிக்கற்றுக்கு ராகு தெரியுமோ, எமகண்டம் தெரியுமோ? போங்கோ எண்டு விட்டிட்டன். பாஸ் இருக்கிறவள் நல்ல நேரம் பாத்து ஏறுவாள். ரிக்கற்காரர் விதி பாத்து ஏறட்டும்.

என்ன, பாஸ் நல்ல விலையோ எண்டோ கேக்கிறியள்? விலையைப் பாத்தா வாழ ஏலுமோ பிள்ளை. கவுண்டரில இருந்த வெள்ளைக்காரப் பெட்டை நல்லாத்தான் விசாரிச்சவள், எத்தினை நாட்டுக்குப் போகப் போறீங்கள், ரெண்டு மூண்டு ஊருக்கு எண்டா ரிக்கற்தான் லாபம் எண்டு. எனக்கு வந்துதே கோவம்! இவளார் எனக்குக் கணக்குப் பாக்க? எல்லா நாட்டுக்கும் எண்டு சொன்னன். கலியாணம் முடியப் பாரிசில மச்சாள் வீடு, சுவிசில பெறாமகள் வீடு, ஒல்லாந்தில எங்கட பழைய அயலட்டைச் சனம், எல்லாரையும் ஒரு சுத்துச் சுத்தி, ரதிக்கு ஊர் ஊராப் படம் போட்ட காட் அனுப்பிறது எண்டுதான் நினைச்சனான். பாஸை வாங்கிக்கொண்டு பேந்து விசாவுக்குப் போனன். எங்கட இலங்கைப் பாஸ்போட்டைத் தெரியும்தானே? ஜெர்மன்காரன் தந்தான். பெல்ஜியம்காரன் ஊடால போகலாம், நிக்கேலாது எண்டு ஒரு குத்துக் குத்தினான். பிரெஞ்சுக்காரன் புத்தகத்தைத் திறந்தும் பாக்கேல்லை. சுவிஸ்காரன் கடிதம் கொண்டு வா எண்டான், கொண்டு போனா வேற கடிதம் எண்டான். கடைசியில இருபது நாட்டுக்குப் பாஸ், ரெண்டு நாட்டுக்கு விசா.

சிரிக்காதேங்கோ. இவரும் உப்பிடித்தான் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவர். பாஸை வாங்க முந்தி விசாவை எடுக்கோணுமாம். பெரிய கண்டுபிடிப்பு! இதில வயித்தெரிச்சல் என்னெண்டா, ரதியிட்ட பிரிட்டிஷ் பாஸ்போட். அவள் எந்த நாட்டு வாசலிலயும் போய் நிண்டு "ஹலோ" எண்டா உள்ளுக்கு விடுவாங்கள். எல்லாக் கதவும் திறக்கிறவள் ஒரு ஊருக்கு ரிக்கற் வாங்கிறாள். ஒரு கதவும் திறவாத நான் ஊரெல்லாம் போற பாஸை வாங்கி வைச்சிருக்கிறன். கடவுளுக்குக் கண் இருக்கோ சொல்லுங்கோ?

இன்னொரு பகிடி கேளுங்கோ. லண்டனில வாங்கின பாஸ் இங்கிலாந்துக்குள்ள ஓடாதாம்! டோவர் மட்டும் போக வேற ரிக்கற். கொஞ்சம் குறைப்பினமாம், பெரிய மனசு. கப்பலுக்கும் வேற. வீட்டு வாசலில செருப்பைப் போட விடாமல் றோட்டில போய்ப் போடு எண்ட கதை. ஆனா இதொண்டையும் நான் ரதிக்குச் சொல்லேல்லை, இவருக்கும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் சொல்லுறன். ஆ, உங்கட பிறைற்றன் ரயில் உதோ போகுது போல... போகட்டும், போகட்டும், அடுத்தது வரும். உந்தத் திசைக்கு ரயில் குறைவே? ஒரு பயத்தம் பணியாரம் சாப்பிடுங்கோ. கலியாணத்துக்குச் சுட்டதுதான், ஒண்டு குறைஞ்சா மாப்பிள்ளை ஓட மாட்டான். மெதுவாக் கடியுங்கோ. கொஞ்சம் பதம் கூடிப்போச்சு. இதைத்தான் ரதி போன வருசம் ஈலிங் அம்மன் கோயில் மடப்பள்ளியில நிண்டு, அத்தினை சனத்துக்கு முன்னால, "அக்கான்ர பணியாரத்தால தேங்காய் உடைக்கலாம்" எண்டு சொன்னவள். சனம் சிரிச்சுது. ஐயரும் சிரிச்சவர். அப்பிடிப்பட்டவளோட முகத்துக்கு முகம் பாத்துக்கொண்டு ரயில், கப்பல், பேந்தும் ரயில்! நான் என்ன பாவம் செய்தனான்?

எத்தினை மணி இப்ப? பன்னிரண்டு தாண்டீட்டுது. அப்பாடா, ராகு போட்டான். பன்னிரண்டரை ரயில் உதோ பிளாற்போமில வந்து நிக்குது. அதில ஏறினாத்தான் பின்னேரக் கப்பல், அந்தக் கப்பலைப் பிடிச்சாத்தான் அங்கால ஜெர்மனி ரயில். அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. பாத்தியளோ, ஒரு அவதியும் இல்லாமல், நல்ல நேரத்தில, ராணி மாதிரி... என்ன? என்ன சொல்லுறியள்?

சமர் ரைமோ? அதுக்கென்ன... ஓம், மாசி பங்குனி போய் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி விட்டவங்கள்தான். அதுக்கும் ராகுவுக்கும் என்ன... உங்கட அம்மா இஞ்ச லண்டனில கோடையில ஒரு மணித்தியாலம் கூட்டித்தான் பாக்கிறவவோ? இல்லைப் பிள்ளை, ராகுகாலம் எண்டா ராகுகாலம்தான், பத்தரை எண்டா... பொறுங்கோ. மணிக்கூடு தள்ளினது வெள்ளைக்காரன். சூரியன் தள்ளேல்லை. ராகு சூரியனோடதான் வாறவர். அப்ப பத்தரை எண்டது பதினொண்டரை. பன்னிரண்டு எண்டது... ஒரு மணி.

ஐயோ. அப்ப அவையின்ர பதினொரு மணி ரயில் நல்ல நேரத்தில போயிருக்குது. அந்தக் கஸ்பர் நல்ல நேரத்தில போயிருக்கிறான், பென்ஸ் கார் பாக்க! தாலி இஞ்ச வாங்கில. உந்த நிக்கிற ரயில் சரி நடு ராகுவில வெளிக்கிடுது.

இவர் சொன்னவர். பொய் சொல்லப்படாது. விடிய, சப்பாத்துப் போடேக்க, "தவநாயகி, கோடையில கணக்கு வேறயப்பா" எண்டு தொடங்கினவர். உங்களுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது, வாயை மூடுங்கோ எண்டு ஏறி விழுந்தது நான்தான். பிளாற்போமில ரதியும் சொன்னவள். சொல்லிப்போட்டுக் கையை நீட்டினவள், "அக்கா, நீங்கள் பயப்பிடுறியள் எண்டா தாலியைத் தாங்கோ, நாங்கள் கவனமாக் கொண்டு போறம், நீங்கள் ஆறுதலா வாங்கோ." நல்ல மாதிரித்தான் கேட்டவள். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. அவளின்ர கையால தாலி போய்ச் சேந்தா பவளம் அவளைக் கட்டிப்பிடிப்பாள், நான் பிறகு வெறுங்கையோட பின்னால போய் நிக்கிறதோ? ராகுகாலம் எண்டு கத்தினது அதுக்குத்தான் பிள்ளை. ராகுவுக்குப் பயத்தில இல்லை. எந்த ரயிலிலயும் ஏறலாம், எந்த ரயிலிலயும் ஏறலாம் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச நான், அந்த ரயிலிலயும் ஏறியிருக்கலாம். டோவர் ரிக்கற் அதுக்கும் செல்லும். வேற பெட்டியில போய் இருந்திருக்கலாம். ஆர் வேண்டாம் எண்டது?

விசில் ஊதப் போறான். ஒரு மணி மட்டும் பாத்துக்கொண்டு இருந்தா கப்பல் போயிடும், வாசு மஞ்சள் கயிறுதான் கட்டுவான். ஏறினா ராகுவில ஏத்தின தாலி. நாளைக்கு அதுகள் ரெண்டும் ஒரு சின்னச் சண்டை பிடிச்சாலும் எனக்கு நித்திரை வராது. தூக்கி வளத்த பிள்ளை, பயமா இருக்குது எனக்கு. மெய்யாப் பயமா இருக்குது. அம்மாளாச்சி, தள்ளினது மணிக்கூடு, நான் இல்லை...

ஏறத்தான் வேணும். அந்தப் பெட்டியை ஒருக்கா மேல தூக்கி விடுங்கோ. ஆ, சரி, உள்ளுக்கு வந்திட்டன். கதவைச் சாத்தாதேங்கோ, ஒண்டு சொல்லோணும். நீங்கள் எப்பவாவது ஈலிங் கோயிலுக்கு வந்து, ஆராவது கேட்டா, ரெய்னர்ஸ் லேன் தவநாயகியக்கா ஒரு மணிக்குப் பிறகுதான் ஏறினவ, என்ர கண்ணால கண்டனான் எண்டு சொல்லுங்கோ. சொல்லுவியள்தானே? ஆனா கட்டையா, உங்களைப் போல மூக்குத்தி போட்ட ஒருத்தி வந்து, சிரிச்சுச் சிரிச்சு, "அக்காவை ஸ்ரேசனில கண்டீங்களோ" எண்டு கேட்டா... அவளுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்களை நான் கண்டதே இல்லை.