எரியாத மருந்து

சரித்திர நாவலைக் கடைசி அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதுதான் என் பழக்கம். பலருக்கு இது பிடிப்பதில்லை, டாக்டர். வில்லன் யார் கையால் சாகிறான் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருவேன். நடுவில் அவன் ஆடுகிற ஆட்டத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ள அது உதவும். சமகால நாவலில் இந்த வசதி கிடையாது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் யாராவது ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கெட்டவன் எங்கே என்று தேடினால், அவன் பாதியிலேயே பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

"இந்த மருந்து விட்டா கண்ணு சிவக்கணுமே, அவருக்கு ஏன் சிவக்கவே இல்ல?" என்று கேட்டீர்கள். அக்கா அத்தானை அடுத்த அறைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போன சமயம் பார்த்துக் கேட்டீர்கள். அந்த நாகரிகத்துக்கு நன்றி. அதற்குத்தான் வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நிறைய வாசிக்கிறவர்களிடம் கேள்வி கேட்டால் இந்தத் தொல்லை உண்டு.

அத்தான் நாவலாசிரியர் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே காத்திருக்கும் ஆட்களில் ஒருவர் அவரிடம் கையெழுத்துகூட வாங்கினார். நான் அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அக்கா தலைமையாசிரியை, விடிந்தால் பள்ளிக்கூடம், பொழுது சாய்ந்தால் பள்ளிக்கூடத்துக் கவலை. எனக்குக் கண்ணாடிக் கடையில் காலை வேலை மட்டும். மத்தியானம் வந்தால் வீட்டில் நானும் அத்தானும்தான். அன்று எழுதியதை அவர் நின்றுகொண்டே உரக்க வாசிப்பார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்பேன். அந்த நாட்களில் நான் கேட்காத ஒரு வரிகூட அச்சுக்குப் போனதில்லை. என்னை அவர் புழு என்றுதான் கூப்பிடுவார். முதலில் புத்தகப்புழு என்று இருந்தது, கூப்பிடச் சிரமமாக இருந்ததால் முன்பாதி உதிர்ந்துவிட்டது.

அப்போது அவர் எழுதியதெல்லாம் சரித்திர நாவல்கள். நல்ல நாவல்கள். மாறுவேடம் போட்ட ஆளைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது, வாசகருக்கு மட்டும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தக் குறும்பெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஒருமுறை ஒரு குதிரை இரண்டு அத்தியாயங்களாக நிற்காமல் ஓடியது. "அது தண்ணியே குடிக்காதா, அத்தான்?" என்று கேட்டேன். அடுத்த புத்தகத்தில் அந்தக் குதிரை குடித்த தண்ணீரில் ஒரு ஏரி வற்றியிருக்கும். அவ்வளவு தூரம் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அந்த மத்தியானங்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. அதை மறைக்க ஒன்றுமில்லை.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறுகிறது என்று நீங்கள் கண்டுபிடித்ததும் அந்த நாட்களில்தான். வலி தெரியாத நோய், பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வரும், தினமும் சொட்டு விட்டால் அப்படியே நிற்கும், விடாவிட்டால் போன பார்வை போனதுதான் என்று எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னீர்கள். அவரால் தானே விட்டுக்கொள்ள முடியாது; பாட்டிலைப் பார்த்தாலே இமை மூடிக்கொள்ளும். அக்காவுக்குக் கண்ணைத் தொட்டாலே குமட்டும். ஆகவே அது என் வேலையாயிற்று. நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, குழந்தை மாதிரி காத்திருப்பார். விட்டதும் "எரியுது புழு, எரியுது" என்பார். நான் ஊதிவிடுவேன்.

பிறகு அவர் சமகாலத்துக்கு மாறினார். பரிசுகளெல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. "செத்தவங்களப் பத்தியே எழுதிட்டிருந்தா செத்தவங்கதான் படிப்பாங்க" என்றார். எனக்கு அதில் வேறு கருத்து. சரித்திர நாவலாசிரியர் செத்தவர்களைத்தான் அறுக்கிறார். செத்தவர்கள் வாசிப்பதில்லை. சமகால நாவலாசிரியர் பக்கத்து அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவரை அறுக்கிறார். இரண்டும் ஒரே கத்திதான் என்று விமர்சகர்கள் சொல்லலாம். அறுபட்டவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், மனைவியை இழந்தவர். நான் படித்து முடித்த நாவல்களை வாங்கிக்கொண்டு போய், தூசி படாமல் திருப்பித் தருவார். எனக்குக் கல்யாண வயது தாண்டி வெகு நாளாகியிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பதிவு அலுவலகத்தில் நாள் குறித்திருந்தோம். அக்கா எனக்குப் புடவைகூட எடுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தானுடைய முதல் சமகால நாவல் வந்தது. அதை மட்டும் அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. கதையில் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் முதிர்கன்னி ஒருத்தி வருகிறாள். அவளுக்கு முன்பல் ஓரம் உடைந்திருக்கும். சிரிக்கும்போது புத்தகத்தால் வாயை மூடிக்கொள்வாள். நான் இப்போது மூடிக்கொள்கிறேனே, இப்படித்தான். அவள் தன் அக்காள் புருஷனை மனசுக்குள் வைத்துக்கொண்டு, அவன் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்து அழுவாள். கிடைக்காததற்கு மாற்றாகக் கடையிலேயே ஒரு அப்பாவியைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பாள்.

சட்டை விஷயம் கட்டுக்கதை. நான் அவர் சட்டைகளைத் துவைத்திருக்கிறேன், மடித்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எதுவும் இல்லை.

லென்ஸ்காரரும் வாசித்தார். அவர் கைக்கு நல்ல புத்தகங்களைக் கொடுத்துப் பழக்கியவள் நான்தான். கடையின் பின்கட்டில், மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "எல்லாம் கற்பனைங்க" என்றேன்.

"அந்தப் பல்லும் கற்பனையா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அந்த மாதக் கடைசியில் வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று போய்விட்டார். கடைசியாக வாங்கிப்போன நாவலைக் கல்லாவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், வழக்கம்போலத் தூசி படாமல். கடையில் வாடிக்கையாளர்கள் என் வாயையே பார்த்தார்கள். அக்கா அத்தானின் சட்டைகளைத் தானே துவைக்க ஆரம்பித்தாள். நாவலுக்குப் பரிசு கிடைத்தது.

அன்று மாலை அத்தான் வழக்கம்போல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பாட்டிலோடு நின்றேன். "எப்படி இருந்துச்சு புழு? நீ ஒண்ணுமே சொல்லலியே" என்றார்.

"அது நான்தானே, அத்தான்?"

"சேச்சே. நீ நல்ல வாசகி. கதாபாத்திரம் வேற, ஆள் வேறன்னு உனக்குத் தெரியாதா? சும்மா வாசிக்கிறவங்கதான் இப்படிக் குழப்பிக்குவாங்க." கண்ணை அகலத் திறந்துகொண்டு சொன்னார். அவர் முகத்தில் துளி கள்ளத்தனம் இல்லை. என்னைக் கொன்றுவிட்டு, புத்தகம் பிடித்ததா என்று கேட்கிறார். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

எங்கள் கடையில் கான்டாக்ட் லென்ஸ் கழுவுகிற உப்புத் தண்ணீர் உண்டு. சுத்தமானது, கண்ணுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அதை நீங்கள் என் சார்பில் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டிலின் மூக்கைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டு அதை நிரப்பினேன். வலது கண்ணுக்கு மட்டும். இடது கண்ணுக்கு வேறு பாட்டிலிலிருந்து அசல் மருந்தையே விட்டேன். அவர் எனக்குச் செய்தது ஒரு நாவல்தான், ஆகவே ஒரு கண் போதும் என்பது என் கணக்கு. ஆத்திரத்தில் அளவு மீறுகிறவள் இல்லை நான்.

"வலது கண்ணுல இப்ப எரியவே இல்ல. உன் கை ராசி" என்று சந்தோஷப்பட்டார்.

நீங்களும் உங்களால் ஆனதைச் செய்தீர்கள். வீரியமான மருந்துக்கு மாற்றினீர்கள், பிறகு அதைவிட வீரியமானதுக்கு. வலது கண்ணுக்கென்று கொடுத்தது அத்தனையும் எங்கள் வாஷ்பேசினில்தான் போயிற்று. அவர் வலது பக்கத்து டம்ளரைத் தட்டிவிட ஆரம்பித்தார். பிறகு கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். வலது கண் முழுவதும் போனபோது இடது கண்ணும் சீக்கிரம் களைத்துவிடுகிறது என்று வாசிப்பதை விட்டார். மத்தியானங்களில் இப்போது நான் வாசிக்க, அவர் கேட்டார். எனக்கு அது பழைய நாட்கள் திரும்பியது போலத்தான் இருந்தது.

ஆனால் ஒரு குறை. சரித்திர நாவலின் கடைசி அத்தியாயத்தில் பழிவாங்குகிறவன் மாறுவேடத்தைக் களைந்து, "நான் யார் தெரிகிறதா?" என்று கேட்பான். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தடிமனான புத்தகத்தை நாம் தூக்கிக்கொண்டு அலைகிறோம். அடிபட்டவனுக்கு அடித்தது யார், எதற்கு என்று தெரியாவிட்டால் அது வெறும் வியாதி.

ஒரு மத்தியானம் தடியான நாவல் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை விட்டுவிட்டு, நான் செய்ததைக் கதையாக வாசித்தேன். வாசிப்பது போலப் பக்கங்களைக்கூடப் புரட்டினேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. அவர் தன் நாவலில் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே கடையை வைத்தேன், உடைந்த பல்லை வைத்தேன், சட்டையை வைத்தேன். நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காரும் எழுத்தாளரை வைத்தேன். உப்புத் தண்ணீரை வைத்தேன். அவர் எழுந்து என் கழுத்தைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். எதுவானாலும் அன்றோடு நிறுத்திவிடுவதாக இருந்தேன். இடது கண்ணுக்குக் கடைசிவரை ஒழுங்காக மருந்து விடுவது என்று மனசில் முடிவு செய்திருந்தேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "யார் எழுதினது?" என்றார்.

"புதுசா ஒருத்தங்க, அத்தான்."

"பரவால்ல. அந்தப் பொம்பளை நல்லா வந்திருக்கா. அந்த எழுத்தாளன்தான் கொஞ்சம் மண்டு, இவ்வளவு நாள் தெரியாமலா இருப்பான்?" காலை ஆட்டிக்கொண்டே யோசித்தார். "ஆனா முடிவு சொதப்பல். ஒரு கண்ணோட நிறுத்திடறாளாம். பழி வாங்க வந்தவ பாதியில கணக்குப் பார்ப்பாளா? நம்பும்படியா இல்ல."

கடை வந்தது, பல் வந்தது, சட்டை வந்தது; எல்லாவற்றையும் காதால் கேட்டார். ஒன்றுகூட அவருக்கு நினைவு வரவில்லை. என் வாழ்க்கையை எடுத்துப் பரிசு வாங்கினார், வாங்கிய கையோடு மறந்தும் போயிருந்தார். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, "மருந்து நேரமாச்சு, விடு" என்றார்.

இரண்டு கண்ணிலும் ஒரே பாட்டிலிலிருந்து விட்டேன். அன்று முதல் அப்படித்தான். இடது கண்ணிலும் எரியவில்லை என்றார். கண் சிவக்காததற்குக் காரணம் அதுதான், டாக்டர். உங்கள் மேசையில் இருக்கிற பாட்டிலை எங்கு வேண்டுமானாலும் அனுப்பிப் பார்க்கலாம், உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். முடிவு சரியில்லை என்று எழுதத் தெரிந்தவரே சொன்னபிறகு, வாசகி என்ற முறையில் அதைச் சரிசெய்தேன். அதில் என் சொந்த ஆசாபாசம் எதுவும் கிடையாது.

பரிசோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது. அக்காவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஆனால் கேளுங்கள், டாக்டர், அவர் புழு, புழு என்கிறார். பக்கத்திலேயே அவள் இருக்கும்போது, என்னைத்தான் கூப்பிடுகிறார்.