காய்ச்சலே வராத குடும்பம்

...தொட்டாலே அதுவா அடுத்த பக்கத்துக்கு ஓடிடுது சார்! மக்கள்தொகை கணக்கெடுக்கக் குடுத்த மெஷினாம். உங்க கதவு நம்பரைத் தட்டினா சிவப்புக் கட்டம் வருது. எட்டிப் பாருங்க, கடிக்காது.

நான் ஸ்கூல் டீச்சர். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எங்களைத்தான் பிடிச்சுத் தெருத்தெருவா விரட்டுவாங்க. இதான் கடைசித் தடவையாம்! இனிமே ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கூல் சேர்க்கை, போன் நம்பர் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து மெஷினே எண்ணிக்குமாம். எண்ணட்டும், யாரு வேண்டாம்னா? எண்ணிட்டு வாயை மூடிட்டு இருக்க வேண்டாமா? கேள்வி கேக்குது சார்!

போன தடவை இங்க அஞ்சு பேராம். அஞ்சு பேருக்கும் பத்து வருஷமா ஒரு காய்ச்சல் கிடையாது, ஒரு பல்வலி கிடையாது. சின்னப் பொண்ணு ஸ்கூல் வாசலையே மிதிக்கல. படிக்க வைக்காத அந்த அப்பனைக் கண்டுபிடின்னு என்னையே அனுப்பிட்டாங்க. நான் எங்க போய்த் தேடுவேன்? என்ன... நீங்க வந்து மூணு வருஷம்தானா? தனியாவா இருக்கீங்க? அடக் கடவுளே, ஒரு கல்யாணமாவது பண்ணியிருக்கக் கூடாதா?

சரி, சொல்லித் தொலைக்கிறேன். போன தடவை இங்க எண்ண வந்ததும் நான்தான். அன்னிக்கு இந்த வீடு பூட்டியிருந்துது. மூணு தடவை வந்து பார்க்கணும்னு சட்டம். எனக்கோ வெயிலு, பசி, எரிச்சல்... வாசல்ல அஞ்சு ஜோடி செருப்பு. ஒண்ணு சின்னது, பூப்போட்டது. எண்ணிப் போட்டுட்டேன். பேரு வைக்க எவ்வளவு நேரமாகும்? குடும்பத் தலைவருக்கு எங்க ஹெட்மாஸ்டர் பேரையே வச்சேன், வயித்தெரிச்சல்ல!

சிரிக்காதீங்க சார். ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகறேன். விசாரணை, அது இதுன்னு வந்தா பென்ஷன் போச்சு. முப்பது வருஷம் கத்தினது அத்தனையும் வீண். பயமா இருக்கு சார், நெஜமாவே. அதனால... நாங்க அஞ்சு பேர் இருந்தோம், நாலு பேர் வெளியூர் போயிட்டாங்கன்னு, இதுல விரலால ஒரே ஒரு கையெழுத்து. ஹெட்மாஸ்டர் பேர்லதான் போடணும், சின்னப் பேருதான்... சார்? சார், கதவைச் சாத்தாதீங்க!

சாத்தியாச்சா? நல்லா இருங்க!

...சார், உள்ள கேக்குதா? எதிர்வீடும் பூட்டித்தான் கிடக்கு. வாசல்ல மூணு ஜோடி இருக்கு... மூணுன்னு போட்டுக்கட்டுமா?